கிளிஞ்சல்மேட்டில் பேசாத பிள்ளை

போன மாதம் மூன்று இளம் பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். சின்னக் குழந்தைகள் பேசவும் யோசிக்கவும் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிறவர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் துறைக்கு வந்தவர்கள். உள்ளங்கை அளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மேசைமேல் வைத்து, "நீங்க எதுல மேடம் பதிவு பண்ணுனீங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. "பென்சில்லதாம்மா" என்றேன். மூவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கருவி ஒரு மூச்சைக்கூடத் தவறவிடாதாம். நல்லதுதான். ஆனால் காலை எட்டு மணிக்குத் திறந்து பத்து மணிக்கு மூடினால், அதற்கும் எட்டிலிருந்து பத்து வரைதான் கேட்கும். இதை அவர்களிடம் சொல்ல நினைத்தேன். காப்பி கலக்கும் மும்முரத்தில் விட்டுப்போயிற்று. "உங்க அனுபவத்த எழுதித் தாங்க மேடம்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி ஆண்டுகள் அவை. அப்பா நீதிமன்றத்தில் எழுத்தர். நான் பிரெஞ்சுப் படிப்பை முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து அரசலாற்றில் போகும் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும், "பொண்ணு எங்கயோ பாத்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைதான். நான் பகல் கனவுக்காரி. என்னைப் போய், கண் கொட்டாமல் பார்க்கவேண்டிய வேலைக்கு எடுத்தார் மதாம் கிளேர்.

மதாம் கிளேர் நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, அகலமான ஓலைத்தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கடிகாரம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பேச்சையும் புத்தியையும் ஆராயப் பிரான்சிலிருந்து வந்திருந்தார். புதுச்சேரியில் ஓராண்டு தங்கிப் புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். மீன்காரம்மாவிடம், "அம்மையே, இம்மீனின் பெயர் யாது?" என்று கேட்பார். அவள் கூடையோடு ஓடிவிடாமல் நின்றதே பெரிய காரியம். நடைமுறைத் தமிழுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "புள்ளைங்க ஒளறுறத எழுதுறதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பயிற்சி இரண்டே வாரம். ஒரு பெரிய நோட்டு. விரித்தால் இடப்பக்கம் பார்த்ததும் கேட்டதும்; வலப்பக்கம் நாம் நினைத்தது. இடப்பக்கத்தில் நான்கு கட்டங்கள்: நேரம், குழந்தையின் பேச்சு, குழந்தையின் செய்கை, மற்றவர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. குழந்தை 'ங்கா' என்றாலும் பேச்சுக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒருநாள் நான் இடப்பக்கத்தில் "குழந்தைக்குச் சந்தோஷம்" என்று எழுதிவிட்டேன். மதாம் கோபிக்கவில்லை. அவர் கோபித்து நான் பார்த்ததே இல்லை. பென்சிலைத் திருப்பி அதன் மொட்டை முனையால் அந்தச் சொல்லை மெல்லத் தட்டினார்.

"சந்தோஷத்தை நீ பார்த்தாயா?"

"பல்லு தெரிஞ்சுது மதாம்."

"எனில் பல் தெரிந்தது என்று எழுது. சந்தோஷம் வலப்பக்கத்துக்கு உரியது."

மற்ற விதிகளும் அப்படித்தான். ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒரே இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வீட்டாரைக் கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளை எதையாவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். "நேரம் மாறினால் குழந்தையும் மாறிவிடும்" என்பார். அதனால் எங்கள் நேரம் ஒருநாளும் மாறவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பேச வேண்டாம் என்றால் எனக்குக் கசக்குமா? கீற்று இடுக்கில் விழுகிற வெயில் தரையில் நகரும். எங்கோ உரல் சத்தம் கேட்கும். ஒரு பிள்ளை தன் கால் கட்டைவிரலோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். நான் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கோ மிதந்துகொண்டு எழுதுவேன். ஆனால் கை தப்பவில்லை. அது மதாமின் பயிற்சி.

டவுனில் ஒரு மரைக்காயர் வீட்டில் ரஹீமா என்று ஒன்றரை வயதுப் பெண். அவள் வாப்பா சைகோனில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கப்பலேறிய பிறகு பிறந்தவள். சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி உம்மா, "வாப்பா" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் நிஜமாகவே வாப்பா வந்து நின்றார். நான் அப்போது என் மூலையில் இருந்தேன். உம்மா பிள்ளையைத் தூக்கி, "யாரு வந்திருக்காஹ பாரு, வாப்பா!" என்றாள். ரஹீமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவர்ப் படத்தைக் காட்டி அழுத்தமாக "வாப்பா" என்றாள். மனிதர் சிரிக்கப் பார்த்தார். முகம் கோணி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இடப்பக்கத்தில் "மற்றவர்: முதுகைத் திருப்பினார்" என்று எழுதினேன். வலப்பக்கத்தில் எதையும் எழுத முடியவில்லை.

இப்படி ஆறேழு வீடுகள். அதில் கிளிஞ்சல்மேட்டு வீடு ஒன்று. அஞ்சலை என்கிற மீனவப் பெண்ணின் வீடு. அவள் மகள் பவுனு. மூன்று வயது நிறையப்போகிறது. எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய கொண்டை, இடுப்பில் கறுப்புக் கயிறு, எதையும் தப்பவிடாத கண். என் நேரம் காலை எட்டிலிருந்து பத்து.

முதல் வாரம் பவுனு ஒரு வார்த்தை பேசவில்லை. புது ஆளைப் பார்த்த கூச்சம் என்று வலப்பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் வாரமும் இல்லை. ஒரு மாதத்தில் அவள் என் மடியில் வந்து உட்காரப் பழகிவிட்டாள். என் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். வாய் மட்டும் திறக்காது. அஞ்சலையும் அதிகம் பேசுகிறவள் அல்ல. வலை நூலோடு வாசலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிசுகிசுப்பாள். அந்த வீட்டின் அமைதி எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. கூரைமேல் காற்று போகும். அலை வந்து போகும். மூன்று மாதமும் குழந்தையின் பேச்சுக் கட்டம் காலியாகவே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு, கோட்டுக்குக் கோடு வெற்றிடம்.

மதாம் தானே இரண்டு முறை வந்தார், அதே எட்டு மணிக்கு. பவுனுவின் பின்னால் நின்று கை தட்டினார், சட்டென்று திரும்பினாள். இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் சோழியை ஒளித்து, இரண்டையும் இடம் மாற்றினார். பவுனு தயங்காமல் சரியானதைத் தூக்கினாள். பத்து முறையும் அப்படியே. பதினொன்றாம் முறை அவளே சோழியை எடுத்து ஒளித்துவைத்து, மதாமைக் கண்டுபிடிக்கும்படி சைகை காட்டினாள். மதாம் தவறான கொட்டாங்கச்சியைத் தூக்கினார். பவுனு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சத்தமே இல்லாமல்.

"செவி உண்டு. அறிவு மிக உண்டு. பேச்சு இல்லை" என்றார் மதாம், திரும்பும் வழியில். குரலில் வருத்தம் இருந்தது. புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஊமைப் பிள்ளைகள் பள்ளி ஒன்றுக்கு எழுதினார். மூன்று வயதிலிருந்தே தங்கவைத்துப் படிக்கவைப்பார்களாம். இடம் உண்டு என்று பதில் வந்தது. வீட்டாரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டியது என் பொறுப்பு.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பத்து மணிக்கு நோட்டை மூடிவிட்டு, வேலியோரம் அஞ்சலையிடம் தாழ்ந்த குரலில், "புதுச்சேரியில ஒரு தனிப் பள்ளிக்கூடம் இருக்குக்கா. நம்ம பவுனுவ அங்க தங்கவச்சுப் படிக்க வைப்பாங்க" என்றேன். 'ஊமை' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பெற்றவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியாததா, நாம் வேறு குத்திக்காட்ட வேண்டுமா என்று நினைத்தேன். அஞ்சலையின் கண் நிறைந்துவிட்டது. "படிப்பா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் மாலை அவள் புருஷன் டவுனுக்கு வந்து பிரெஞ்சுக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார். நான்தான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'ஊமை' என்று வந்த அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். அவர் பூரித்துப்போய் நின்றார்.

புறப்பாடு ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. மதாம் காரோடு வருவதாக ஏற்பாடு. பிள்ளையைத் தயார்செய்ய நான் ஒரு மணிக்கே போனேன். அந்த வேளையில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. வலை உதறுகிறார்கள், சிரிக்கிறார்கள், காக்கை கத்துகிறது. எனக்குத் தெரிந்த அந்தத் தூங்குமூஞ்சி ஊரா இது என்று கனவில் நடப்பவள் மாதிரி நடந்தேன். ஒரு கட்டுமரத்தின் நிழலில் பவுனு குந்தியிருந்தாள். முன்னால் ஒரு நண்டு.

"இங்க வா. போவாத. ஒன் வூடு அங்க இல்ல, இங்க இருக்கு. சொன்னா கேக்க மாட்ட? ஒங்கம்மாட்ட சொல்லிடுவேன்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முழுசு முழுசாக வாக்கியங்கள். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நண்டு பாரு."

"பவுனு… நீ பேசுறியா?"

அவள் கண் விரிந்தது. நண்டை விட்டுவிட்டு எழுந்தாள். "அம்மா! அம்மா! இந்த அக்கா பேசுது! ஊம இல்லம்மா, பேசுது!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

மூன்று மாதம் அவள் வீட்டுச் சுவரோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். பிள்ளை வேறென்ன நினைக்கும்?

அஞ்சலை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் உரக்கப் பேசியும் அன்றுதான் கேட்டேன். "அது ஓயாது டீச்சரம்மா. மரம் கரைக்கு வந்துட்டாப் போதும், தூங்குற வரைக்கும் வாய் மூடாது."

"காலையில ஏன் பேசல?"

"மரம் கடல்ல இருக்கப்ப எப்படிப் பேசும்?" என்று என்னையே கேட்டாள். அப்புறம்தான் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்தது. கட்டுமரத்தைத்தான் அவர்கள் மரம் என்பார்கள். அவள் புருஷனின் அண்ணன் கடலோடு போன அன்று, அவருடைய பிள்ளை விடிந்ததிலிருந்து கரையில் நின்று "அப்பா வா, அப்பா வா" என்று கத்திக்கொண்டே இருந்ததாம். மரம் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. வீட்டு மரம் கரை தொடுகிற வரை பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. பெரியவர்களும் கிசுகிசுப்பதோடு சரி. "இதுக்கு ரெண்டு வயசுலயே சொல்லிக் குடுத்துட்டேன். வெரல உதட்டுல வச்சாப் போதும். அப்பா வர்ற வரைக்கும் வாயே தொறக்காது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க ஒண்ணுமே கேக்கலியே. நீங்களும் அதுக்காவத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன். நல்ல பொண்ணு, நம்ம வழக்கத்த மதிக்குதுன்னு இவருகிட்டகூடச் சொன்னேன்."

பவுனுவுக்குப் புதுப் பாவாடை தைத்து மடித்துவைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வழியனுப்ப வந்து நின்றார்கள். இனியும் விழுங்க முடியாது. அஞ்சலையைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னேன். அது பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம்; இவளைச் சேர்க்க மாட்டார்கள்; காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது; நான்தான் வாசிக்காமல் விட்டேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பேசாம இருந்தா சேத்துக்குவாங்கள்ல?"

"அக்கா?"

"இருப்பா டீச்சரம்மா. எம்மவ இருப்பா. நீங்களே மூணு மாசம் பாத்தீங்கள்ல? எத்தன வருசம் இருக்கணும்னு சொல்லுங்க, நான் சொல்லி அனுப்புறேன். படிச்சுட்டு வந்து பேசட்டும். என்னாட்டம் மீன் கூடை தூக்காம இருந்தாப் போதும்."

வெயிலில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அழுகிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது கார் வந்து நின்றது. மதாம் இறங்கினார். நான் பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டினேன், நான் விட்டுவிட்டு வாசித்த வரியையும் சேர்த்து. அவர் முகம் வெளிறியது. மெதுவாக நடந்து பவுனுவின் முன்னால் மணலில் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் முதல் முறையாக விதியை மீறி அவளோடு பேசினார்.

"மகளே, உன் தந்தை கடலில் இருக்கையில் பேச உனக்கு ஆசை வராதா?"

பவுனு அந்தத் தமிழ் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் மாற்றிச் சொன்னேன்.

"வரும்" என்றாள். "வவுத்துக்குள்ள பேசிக்குவேன்."

மதாம் நோட்டைத் திறந்து அதை எழுதினார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் முதல் சொல்லை எழுதியிருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை தன் பேச்சை உள்ளே வைத்துக் காக்கும் என்பதை அன்று கற்றதுபோல வேறு எங்கும் கற்கவில்லை. நாங்கள் காலி என்று கோடு போட்ட இடமெல்லாம் பேச்சு நிறைந்திருந்திருக்கிறது.

அஞ்சலைக்கு மதாம் என் வாயிலாகப் பதில் சொன்னார். பேசும் பிள்ளையைப் பேசாதே என்று அனுப்புவது பாவம். டவுனில் பெண் பிள்ளைகள் பள்ளி இருக்கிறது, ஐந்து வயது நிறையட்டும், சேர்த்துவிடுகிறோம். அதோடு நானும் சேர்த்துக்கொண்டேன்: "நானே வந்து கூட்டிட்டுப் போவேன்க்கா. இது சத்தியம்." கார் காலியாகத் திரும்பியது. புதுப் பாவாடையோடு பவுனு அதன் பின்னால் வெகுதூரம் ஓடிவந்தாள்.

அதற்கு மறு ஆண்டு கொடி மாறியது. மதாம் கப்பலேறினார். போகும்போது என் பெயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அது எனக்குச் சென்னையில் படிப்பையும் பிறகு வேலையையும் வாங்கித் தந்தது. புது ஊர், புது நோட்டுகள், புதுப் பிள்ளைகள். கிளிஞ்சல்மேட்டை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். என் புத்தி அப்படி. அந்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போய், நான் அங்கே மறுபடி போனபோது பவுனுவுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது.

மாலை நேரம். அஞ்சலை இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் பாய் எடுத்துப் போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வரலியேக்கா" என்றேன்.

"ஒரு வருசம் பாத்தேன் டீச்சரம்மா" என்றாள். குரலில் குற்றம் இல்லை. "அப்பறம் நானே கூட்டிப்போனேன். எடமில்லன்னாங்க. மறுநாளும் போனேன். மீன இன்னொருத்திகிட்ட குடுத்துட்டு தெனமும் பள்ளிக்கூட வாசல்லயே நின்னோம். மழ வர்ற வரைக்கும் நின்னோம். ஒருநா பெரிய டீச்சரு வந்து இதுகிட்ட என்னமோ கேட்டாங்க. அவ்வளவுதான், இது ஆரம்பிச்சுடுச்சு. நிறுத்தவே இல்ல. போதும்மா, வந்து உக்காருன்னுட்டாங்க."

அதற்குள் பவுனு பையோடு வந்து நின்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை. அஞ்சலை அவளை என் பக்கம் தள்ளி, "கும்புடு. இந்த அக்கா சொல்லித்தான் ஒன்னயப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்க" என்றாள்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் அடுப்பை மூட்டப் போய்விட்டாள். என் மானத்தை அவள் அப்படி மூடினாள். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை கைகூப்பி நின்ற அழகில் மயங்கி, சும்மா இருந்துவிட்டேன்.

பவுனு இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று, "இந்த அக்கா இல்லன்னா நான் கூடைதான் தூக்கியிருப்பேன்" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றும் நான் சும்மாதான் இருந்தேன். இந்தச் சித்திரையில் அஞ்சலை இறந்துவிட்டாள். இனி இதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

பவுனு, நான் வரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூட வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு மழை வரும்வரை நின்றது உன் அம்மா.